கொப்புளித்தபின்

கேரம் போர்டைச் சுவரில் சாய்த்துவிட்டு
அதே மேசையில் கவர்களை அடுக்கினோம்.
வியாசர்பாடி. ஞாயிறு. தூறல்.

"மாவா போட்டவங்க கொப்புளிச்சிட்டு வாங்க."
வரிசையில் பாதி குழாயடிக்குப் போனது,
நானும்தான்.

"அம்பதுக்கு மேல வேணாம்" என்ற நர்ஸிடம்
மீன்கார அற்புதம் மல்லுக்கு நின்றாள்:
"மஜ்ஜைக்கு ஏதும்மா வயசு?
வேணும்னா ஒடச்சிப் பாரு."

ரெண்டாங்கிளாஸ் பெனின்னாவின் அப்பா
கண்டெய்னர் லாரியை எண்ணூர் ரோட்டு வரிசையில்
கிளீனரிடம் விட்டுவிட்டு வந்திருந்தார்.
பஞ்சுக்குச்சி நுழையும் ஒவ்வொரு வாயையும்
எட்டிப் பார்த்தார்,
தொலைத்த சாவி
ஏதோ ஒரு கன்னத்துக்குள் கிடப்பதுபோல.

முந்நூற்றுப் பதினேழு பேர்.
ஒருத்தரும் பொருந்தவில்லை.

ஏழு மாதம் கழித்து,
சிவப்புக் காயைக் குறிபார்த்துக்கொண்டிருந்த
கோட்டிக்கு போன்.
பொருந்துதாம்.
"பெனின்னாவுக்கா?"
இல்லை. வேறு யாரோ.
பேர் சொல்லக் கூடாதாம். ஊரும்.

போனை வைத்தபின்
யாரும் காயைத் தொடவில்லை.

பெனின்னாவின் அப்பாதான்
இரவல் பைக்கில் அவனை
ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்.
மூலக்கொத்தளம் தாண்டியும்
ஒரு வார்த்தை பேசவில்லையாம்.
இறங்கும்போது மட்டும்,
"சாப்ட்டியாடா?"