வாளி

ஐந்து பகல், நான்கு இரவு என்று
சீட்டில் அச்சடித்திருந்தார்கள்.
சிங்கத்தலை மீனின்முன் படமெடுத்து,
தைலம் பதினாறு குப்பி வாங்கி,
பெட்டியை எடைபோட்டு முடித்த இரவில்
வானத்தைப் பூட்டிவிட்டார்கள்.

இன்று இருபத்தாறாம் நாள்.
டன்லப் தெரு மாடியில்
இரட்டைக் கட்டிலின் கீழ்த்தட்டு எனக்கு.
மேல்தட்டில் எஸ்தர்ராணி
குறட்டைக்கு நடுவே கோவில்பட்டி போய்வருகிறாள்.
தைலத்தில் மூன்று குப்பி
அவள் முட்டிக்கே தீர்ந்தது.

விண்ணப்பம் கேட்கிறது:
நீட்டிப்புக்குக் காரணம்?
கட்டம் சிறியது. தட்டத் தட்ட
மிச்ச எழுத்து நாற்பது, முப்பது எனக் குறைகிறது.
'விமானம் இல்லை' என்று மட்டும் போட்டேன்.
அங்கே கடை பூட்டிக் கிடப்பது,
பிரஷர் மாத்திரையை நான் பாதியாய் உடைப்பது,
நேற்றுத் தேக்காவில் மீன்கார லத்தீப்
கேட்காமலே எனக்கென்று
நெத்திலி எடுத்து வைத்திருந்தது,
இதற்கெல்லாம் இடமில்லை.

முத்திரை குத்துவதில்லை இப்போது; மின்னஞ்சல்தான்.
எனக்குப் பதினான்கு நாள்.
எஸ்தருக்கு ஒன்பது.
ஏனென்று யாரைக் கேட்பது?
அவள் கஞ்சி குடிக்காமல் படுத்துவிட்டாள்.

சிராங்கூன் சாலைக் கடையில்
நீல வாளி ஒன்று எடுத்தேன்.
"ஊருக்கா அக்கா, கட்டித் தரவா?"
இல்லைம்மா, துவைக்க.

சொன்னபிறகுதான் உறைத்தது,
சுற்றிப்பார்க்க வந்தவள் எவளும்
வாளி வாங்கமாட்டாள்.

கைப்பிடி கொஞ்சம் கோணல்.
ஏழு நாளுக்குள் மாற்றிக்கொள்ளலாம்
என்று ரசீதில் போட்டிருக்கிறது.
என்னிடம் பதினான்கு இருக்கிறதே.