துளை அடைப்பவள்

குலேன் மலையிலிருந்து வாய்க்கால் வழியே
மூங்கில் தெப்பத்தில் மிதந்து வரும் ஒவ்வொரு கல்லிலும்
இரண்டு துளை. பெரிய கல் என்றால் ஆறு.
முளை செருகிக் கயிறு கட்டித் தூக்குவார்கள்.
கல் அமர்ந்ததும் முளையைப் பிடுங்கிவிடுவார்கள்.
துளை நிற்கும்,
கொட்டாவியை மூட மறந்த வாயாக.

அதை அடைப்பவள் நான்.
கல்தூள், சுண்ணாம்பு, மரப்பிசின்,
மேஸ்திரி திரும்பி நிற்கும்போது கொஞ்சம் எச்சில்.

வாசல் நிலையில் எங்களையும் வெட்டியிருக்கிறார்கள்.
எனக்கு மேலே இத்தனை குடம் தேன்,
எனக்குக் கீழே இத்தனை கொசுவலை.
எழுத்து வெட்டும் ஸ்ரமோல் விரல் வைத்துக் காட்டினான்:
'தை கந்தின். இதுதான் நீ.'
வால் சுருட்டிய பூரான் மாதிரி இருந்தேன்.

என் மகன் காலில் கல் இறங்கிய அன்று
அரசரின் மருத்துவச் சாலைக்குத் தூக்கிப் போனோம்.
மிளகு, கற்பூரம், எள் நெய்.
காசு கேட்கவில்லை.
பிழைத்தான். இப்போது வலக்காலை இழுத்து நடக்கிறான்.
அரசரை வாழ்த்துவதா என்று
புராஹோக் பானையைக் கிளறும்போதெல்லாம் யோசிப்பேன்,
மீன் நாற்றத்தில் மறந்துபோகும்.

ஒருமுறை அவரே வந்தார்.
குடைகள், சங்கு, யானையின் மூத்திரம்.
நெற்றி மண்ணில் பட நாங்கள் கிடந்தோம்.
முகத்தைப் பார்க்கவில்லை;
அதுதான் மேலே நாலு திசையிலும் இருக்கிறதே.
நான் பார்த்தது குதிகாலை.
பித்தவெடிப்பு. என்னுடையதைவிட ஆழம்.
நான் அடைக்காத ஒரு துளையில்
சுண்டுவிரலை விட்டுப் பார்த்தார்,
எடுத்தார், போய்விட்டார்.

அதன்பின் ஒரே அவசரம்.
பழைய சுவர்களைப் பெயர்த்து வந்தார்கள்.
ஒட்டாத கல்மேல் ஒட்டாத கல்,
யாரோ ஒரு தேவதையின் பாதி இடுப்பு
தலைகீழாக உள்ளே போயிற்று.
இரவிலும் பந்தம் எரிந்தது.
என் விரல்நுனியில் ரேகை போய்விட்டது.

ஆறு ஏரிப் பக்கம் திரும்பி ஓடத் தொடங்கிய மாதம்
அரண்மனை முரசு கேட்டது.
மேஸ்திரி பாதிச் சாரத்தில் நின்றபடி
'போங்கள்' என்றார். எங்கே என்று சொல்லவில்லை.

வடமேற்கு முகத்தின் கன்னத்தில்
இன்னும் பதினோரு துளை பாக்கி.
சிரட்டையில் குழைத்த சாந்து
அப்படியே கல்லாகிவிட்டது, கரண்டியோடு.

மழை விட்டதும் போய்ப் பார்த்தேன்.
இடக்கண்ணுக்குக் கீழே ஒரு துளையில்
மைனா வைக்கோல் திணித்துக்கொண்டிருந்தது,
பாதி உள்ளே, பாதி வெளியே,
என்னைவிட மோசமாக.