காலி வண்டியின் எடை

காவேரிப்பட்டணம் பஸ் போய்விட்டது.
அடுத்தது ஏழேகாலுக்கு.
மழை, அதுவும் மாங்கூழ் ஃபேக்டரி வாடையோடு.
ரவுண்டானாவைத் தாண்டி ஓடி
கலீம் ஆடியோஸுக்குள் நுழைந்தேன்,
வாங்க அல்ல,
தலை நனையாமல் இருக்க.

"என்ன படம் வேணும்?" என்றார் கலீமுல்லா.
"பார்க்கிறேன்."
பார்க்க மட்டும் வருகிறவர்களை அவருக்குத் தெரியும்.
என் ஈரச் செருப்பைக் கண்ணால் காட்டி
ஓரமாக நிற்கச் சொன்னார்.

ஓரத்தில் இருந்தது ஐந்து ரூபாய்ப் பெட்டி.
ஆப்பிள் வந்த பெட்டி, வைக்கோல்கூட மிச்சம் இருந்தது.
புதுப் பாட்டுக்கு மாற்றாக
லாரிக்காரர்கள் தள்ளிவிட்டுப் போன கேசட்டுகள்:
தெலுங்கு, கன்னடம், உருது, ஒடியா,
மூடி உடைந்த ஒரு மலையாள மிமிக்ரி.
மேலுறை ஒன்று, உள்ளே வேறொன்று.

நான் எடுத்ததில் மேலுறை முருகன்.
உள்ளே, எந்த ஊருடையது என்றே தெரியாத எழுத்தில்
பச்சை மசியில் இரண்டு வரி.
ஓர் எழுத்துக்குக் குடை இருந்தது,
இன்னொன்றுக்குக் கொக்கி.

போட்டுக் காட்டச் சொன்னேன்.
மழைதானே, அவரும் மறுக்கவில்லை.

முதலில் உஸ்ஸென்று இரைச்சல்.
பிறகு யாரோ நாற்காலி இழுக்கும் சத்தம்.
பிறகு ஒரு பெண்.
வாத்தியம் இல்லை, ஏதோ தகர டப்பா மட்டும்.
மூன்று தட்டி ஒன்றை விட்டு,
ஐந்து தட்டி இரண்டை விட்டு,
திரும்ப மூன்று என்று நினைத்தால் நான்கு.
எண்ணுவதுதான் என் வேலை. எண்ண முடியவில்லை.
குரல் ஏறும் என்று நினைத்த இடத்தில்
ஏறாமல் நின்றுகொண்டது,
வாசலில் நின்று பதில் கேட்கிறவளைப் போல.
நடுவில் இருமினாள்.
இருமிவிட்டு, விட்ட சொல்லிலிருந்தே தொடங்கினாள்.

"டேப்பு நல்ல டேப்பு, பாட்டுதான் சரியில்ல.
இதுமேலயே புதுப்படம் பதிஞ்சு தரட்டா?
பதினஞ்சு ரூபா."
அழியக் கூடாதென்று யாரோ உடைத்துவைத்த
மேல் ஓட்டையை
ஏற்கெனவே செல்லோடேப்பால் மூடியிருந்தார்.
நகத்தால் கிள்ளி உரித்தேன்.
"வேண்டாம். இப்படியே கொடுங்க."

பஸ்ஸைத் தவறவிட்டவளைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.
உண்மைதான், ஏழேகாலும் போயிருந்தது.

பர்கூர் ரோட்டு எடைமேடையில்
கண்ணாடிக் கூண்டுக்குள் நானும் ஒரு டேப்ரெக்கார்டரும்.
சீட்டு வாங்க வருகிற டிரைவர்களிடம் கேட்டேன்.
நாமக்கல் வண்டி, வடக்கே இருக்கும் என்றது.
நாக்பூர் வண்டி கிழக்கே கைகாட்டியது.
அசாம்வரை போய்வந்த துரைக்கண்ணு
கதவைப் பிடித்தபடி முழுதும் கேட்டுவிட்டு,
"எந்த ஊருன்னு தெரியலம்மா.
ஆனா யாரையோ திட்டுறா" என்றார்.

அதுவரை
நான் அதைத் தாலாட்டு என்று நினைத்திருந்தேன்.

மறுபக்கத்தில் பாதியை யாரோ அழித்திருக்கிறார்கள்.
ராயக்கோட்டை மண்டி போலிருக்கிறது:
தக்காளி பெட்டி நாற்பது, நாற்பத்திரண்டு,
ஒரு பையனின் சிரிப்பு, டக்கென்று பொத்தான்.
அடுத்த நொடி அவள், சொல்லின் நடுவில்,
அத்தனை நேரமும் தக்காளிக்கு அடியில்
பாடிக்கொண்டே இருந்தவள் போல.

காலி வண்டியை முதலில் நிறுப்போம்.
பிறகு சுமையோடு.
கழித்தால் சரக்கு.
இந்தப் பாட்டில்
எனக்குத் தெரிந்ததைக் கழிக்கலாம் என்று பார்த்தால்
ஒரு சொல்கூடத் தேறவில்லை.

வெள்ளிக்கிழமை கிரானைட் வண்டி ஒன்று
மூன்று டன் கூட ஏற்றி வந்தது.
"சீட்டுல குறைச்சுப் போடு பாப்பா,
ஓனர் சொல்லியிருக்காரு" என்றான் கூட வந்தவன்.
பதில் சொல்லத்தான் வாயெடுத்தேன்.
சரியான வார்த்தை சிக்கவில்லை.
குமிழைத் திருகி
அவள் சத்தத்தைக் கூட்டிவைத்தேன்.

உள்ளதை எழுதிச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தபோது
அவள் சரியாக இருமும் இடம் வந்தது.
அவன் என்னைத்தான் திரும்பிப் பார்த்தான்.