எழுபதாம் தளத்து விதை

லெமிங்டனில் இரவு கறுப்பாய் இராது.
கண்ணாடிப் பண்ணைகளின் வெளிச்சம் மேலே கசிந்து
ஏரிப்பக்கத்து மேகமெல்லாம்
கத்தரிப்பூ நிறம்.

அதன் கீழே ஏழு மணிக்கு நான் வேலைக்குப் போவேன்:
முதியோர் இல்லம், இரண்டாம் மாடி, பன்னிரண்டு கட்டில்.
விடிந்து நான் வர
கேதீசனைக் கம்பனி வான் ஏற்றிப் போயிருக்கும்.
பின்னேரம் அரை மணித்தியாலம் சேர்ந்து சாப்பிடுவோம்.
மிச்சக் குடித்தனம் முழுக்க
தொலைக்காட்சிக்குள் இருக்கிற ஒரு பண்ணையில்.

ஒரே ஆட்டம், இரண்டு பேரின் கை.
காலையில் நான்: முள்ளங்கிக்குத் தண்ணீர், கோழிக்குத் தீன்.
இரவில் அவன்: வாளைத் தூக்கிக்கொண்டு
கிணற்றுக்கு அடியிலுள்ள குகைக்குள் இறங்குவான்.
பகல் முழுக்கத் தக்காளிக் கொடியை
நூலில் இறக்கி இறக்கிக் கட்டுகிறவன்
விளையாட்டிலும் கொடி கட்டுவானா?
எனக்கோ, இரவெல்லாம் ஆட்களைப் புரட்டிப் படுக்கவைத்த கைக்கு
புரட்டாமலே வளருகிற ஏதாவது வேண்டும்.

களம் என்றால் நெல் அடிக்கிற இடமும்தான்
ஆள் வெட்டுப்படுகிற இடமும்தான்.
இந்த விளையாட்டைச் செய்தவனுக்குத் தமிழ் தெரிந்திராது,
எப்படியோ பிடித்துவிட்டான்.
கடையில் விதை விற்பதில்லை.
சாகிற பூதம் ஒவ்வொன்றும்
ஒரு விதையைக் கக்கிவிட்டுச் சாகும்.
அவன் கொல்லாவிட்டால் எனக்கு விதைப்பு இல்லை.
நான் விளைவிக்காவிட்டால் அவனுக்கு உயிர் ஏறாது.

கட்டிலருகே ஒரு மரப்பலகை.
இருபது எழுத்துக்கு மேல் கொள்ளாது, தமிழும் ஏறாது.
இங்கிலிஷ் எழுத்தில் எழுதி வைப்போம்:
பூசணி தொடாதே.
வாள் தீட்டவேணும்.
ஒருநாள்: சம்பளம் வந்தது.
இன்னொரு நாள்: கோபமா?
அதற்கு நான் பதில் எழுதவில்லை,
அவனுடைய பெட்டிக்குள் மூன்று முட்டை வைத்தேன்.

மாசியில் அவனுடைய தோள் போனது.
கையைத் தலைக்கு மேல் தூக்கியபடியே நிற்கிற வேலை.
வைத்தியர் ஆறு கிழமை என்றார்,
மேற்பார்வையாளர் மூன்று என்றார்.
பொத்தான் அழுத்துகிற பெருவிரலுக்கு ஒன்றுமில்லை,
ஆனாலும் குகைக்குப் போகமாட்டேன் என்று
வாளைப் பெட்டியில் போட்டு மூடினான்.
விதை தீர்ந்தது.

நான் இறங்கினேன்.
மூன்றாம் தளத்தில் செத்தேன்.
பதினோராம் தளத்தில் வௌவால்களிடம் செத்தேன்.
செத்தால் பெரிதாய் ஒன்றுமில்லை,
காசில் பத்திலொன்று போகும்,
மறுநாள் கட்டிலில் எழும்பலாம்.
என் வேலையிடத்தில் அந்த வசதி கிடையாது.
திருமதி ஃபிரீசனின் கட்டில் விரிப்பை
அன்று விடியப்புறம்தான்
உதறி மடித்துவிட்டு வந்திருந்தேன்.

எழுபதாம் தளத்தில், வேராலேயே ஆன ஒரு ராட்சதன்.
நாற்பது நிமிடம்.
என் வாயில் வந்த தூஷணத்துக்கு
பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.
விழுந்தான். கக்கினான்:
பொன் விளிம்பிட்ட ஒற்றை விதை,
பெயர் இருக்கவேண்டிய இடத்தில் மூன்று கேள்விக்குறி.

நட்டேன். பதின்மூன்று நாள்.
தோளில் பனிக்கட்டிப் பையோடு அவனும்
கதிரைக்குப் பின்னால் நின்று பார்ப்பான்.
நெருப்புக் காய்க்கும் என்றான் ஒருநாள்.
செத்தவர்களை எழுப்புகிற மூலிகை என்று நான் நினைத்தேன்,
சொல்லவில்லை.

நாலாம் கிழமை, திங்கள்.
அவனை வான் ஏற்றிப்போன அதே காலை
அது பழுத்திருந்தது:
சிவப்பாய், உருண்டையாய்,
தக்காளி.

நான் தொடாமல் அணைத்துவிட்டுப் போய்ப் படுத்தேன்.
பின்னேரச் சாப்பாட்டிலும் அதைப்பற்றி வாய் திறக்கவில்லை.
மறுநாள் வந்து பார்த்தால்
பழம் கொடியிலேயே இருக்கிறது,
பெட்டியில் வாள் இல்லை,
பலகையில் பதினைந்து எழுத்து:

நீயே பிடுங்கடி.