விலைச்சீட்டு

நூல் எடுக்கும் முன்பே
விலைச்சீட்டு வந்துவிடும் ஹாங்காங்கிலிருந்து.
பதினைந்து வேலம்பாளையத்துக் கிடங்கில்
இன்னும் பிறக்காத பனியன்களின் விலை
அட்டைப்பெட்டிக்குள் படுத்திருக்கிறது:
பத்தொன்பது யூரோ தொண்ணூற்றைந்து.

நான் காஸ்டிங் எழுதுகிறவன்.
நூல், நிட்டிங், சாயம், காம்பாக்டிங்,
கட்டிங், தையல், பிசிறு வெட்டுக்கூலி,
தூத்துக்குடி வரை லாரி வாடகை,
சேதாரம் நூற்றுக்கு மூன்று.
கூட்டினால் இரண்டு யூரோ எண்பது.
அதிலும் ஐந்து சென்ட் குறைக்கச் சொன்னார் லிஸ்பெத் அம்மாள்,
கோபன்ஹேகன் பிஸ்கட் டப்பாவை
என் பக்கம் தள்ளிக்கொண்டே.

கெட்டவர் இல்லை.
அவசர வழிக் கதவை மறைத்துக் கிடந்த மூட்டையை
ஒருவரையும் ஏவாமல் தானே இழுத்துப் போட்டவர்.
மதியம் பள்ளிபாளையம் கோழி தின்று
கண்ணில் நீர் முட்டக் கேட்டார்:
இவ்வளவு உழைக்கிறீர்களே,
பிறகும் ஏன்...
முடிக்கவில்லை. தண்ணீர் குடித்தார்.

முதலாளி சென்னியப்பன் விடவில்லை.
"வெள்ளைக்காரன் வாரீட்டுப் போயிட்டானுங்க. சொல்லு அவிகளுக்கு."
சொன்னேன்.
"அது ஆங்கிலேயர், நாங்கள் இல்லை" என்றார் சிரித்து.
தரங்கம்பாடியில்
கடல் பார்த்து நிற்கும் டேனிஷ் கோட்டை
எனக்கு ஞாபகம் வந்தது.
கல்யாணமான புதிதில் போயிருந்தோம்.
துணி ஏற்றிப்போன கதையைச் சுவரில் எழுதி வைத்திருந்தார்கள்.
ஆர்டர் இன்னும் கையெழுத்தாகவில்லை.
இலையில் மோர் ஊற்றிக்கொண்டேன்.

"மழையே எட்டிப் பாக்காத சீமைங்க இது.
ஆயிரம் அடி துளைச்சாலும் புகைதான் வரும்.
ஒண்ணுமில்லாததுனாலதான் ஓடுனோம்,
ஓடுனதுனாலதான் இதெல்லாம்" என்றார் முதலாளி.
அதையும் சொன்னேன்.
லிஸ்பெத் அம்மாள் குறித்துக்கொண்டார்.
தங்கள் ஊரிலும் மண் மட்டம்தான், குளிரும் காற்றும்தான் என்றார்.
இருவரும் ஒருவரையொருவர் மெச்சிக்கொண்டார்கள்.
ஐந்து சென்ட் மட்டும் குறைந்தது குறைந்ததுதான்.

அதை எங்கே பிடிப்பது?
நூல் மில்லுக்குப் போன் செய்தால் சிரிப்பார்கள்.
சாயப்பட்டறைக்காரர்
நொய்யலுக்குக் கட்டும் சுத்திகரிப்புக் கணக்கை
முழுதாகப் படித்துக் காட்டுவார்.
லாரிக்குச் சங்கம் உண்டு.
தாளில் கீழே கீழே இறங்கினேன்.
தையலில் கொஞ்சம், செக்கிங்கில் கொஞ்சம்,
மிச்சத்தைப் பேக்கிங்கில்.
அந்த வரிசைகளிலிருந்து
யாரும் போன் செய்வதில்லை.

பேக்கிங்கில் சுகாந்தி மாஜி.
ராயகடாவிலிருந்து தன்பாத் ரயிலில் வந்தவள்.
துப்பாக்கி மாதிரி ஒன்றால்
காலருக்குள் சீட்டைச் சுடுவாள், டக், டக்,
ஒரு ஷிப்டுக்கு மூவாயிரம்.
எண் படிக்கத் தெரியும்.
"சார், இது ரூபாயா?"
"இல்ல, யூரோ."
"ரூபாயில?"
"கிட்டத்தட்ட ஆயிரத்தெண்ணூறு."
கை நிற்கவில்லை. இன்னும் பத்து பனியன் போயிற்று.
பிறகு, முறிந்த தமிழில், யாரையும் குற்றம் சொல்லாத குரலில்:
"எங்க ஊர்ல மலை இருக்கு, மலையில பாக்சைட் இருக்கு,
ஆறு இருக்கு, மழை இருக்கு.
இங்க ஒண்ணும் இல்ல.
அப்புறம் ஏன் சார் நான் இங்க?"

லிஸ்பெத் அம்மாள் முடிக்காத கேள்வி அது.
அவர் குடித்த மாதிரியே
நானும் தண்ணீர் குடித்தேன்.
சுகாந்திக்கு நான்தான் டென்மார்க் என்பது
தொண்டையில் இறங்கும்போது தெரிந்தது.
முதலாளி சொன்னதைச் சொல்லலாம்:
இல்லாததனால் ஓடினோம் என்று.
அவள் ஆயிரம் மைலுக்கு மேல் ஓடி வந்திருக்கிறாள்.

கண்டெய்னர் போன பிறகு
மீந்த சீட்டுகளை எண்ணி, நறுக்கி,
படம் எடுத்து அனுப்ப வேண்டும். கம்பெனி விதி.
நாற்பது மீந்திருக்க வேண்டும்.
மூன்று முறை எண்ணினேன், முப்பத்தொன்பது.
மேசைக்கடியில் பார்த்தேன்.
துப்பாக்கியைத் துணியில் சுற்றி வைத்துவிட்டு
அவள் எப்போதோ போயிருந்தாள்.

எல்லாவற்றையும் பொடிப்பொடியாக நறுக்கினேன்,
எண்ணிப் பார்க்க முடியாதபடி.
படம் எடுத்தேன்.
நாற்பது என்று எழுதினேன்.