ஒன்றிலிருந்து ஐந்து

பிரதேச சபையிலிருந்து வந்த பிள்ளை
குடையை மடக்காமலே கேட்டாள்:
"செயலி பாவிக்க எவ்வளவு விருப்பம்?
ஒன்றிலிருந்து ஐந்துக்குள் சொல்லுங்க."

விருப்பத்துக்கு என்ன குறை, மகள்?
போன கிழமையே இறக்கிட்டேன்,
கொழுந்து மடுவத்துக்குப் பின்னால
ரெண்டு கோடு சிக்னல் விழுற கல்லுல நின்னு.

பாலத்தடியில லைட் எரியலன்னு எழுதினா
தூணோட இலக்கம் கேட்டிச்சு.
ராத்திரி எட்டரைக்கு
அதே போனில டோர்ச் அடிச்சு,
கால்ல அட்டை ஏற ஏற,
பாசியச் சுரண்டி வாசிச்சேன்.
படமும் கேட்டிச்சு.
விழுந்தது பனி மட்டும்.

அப்புறம் வீதிப் பெயர்.
பஜார் வீதி இருக்கு,
ஆஸ்பத்திரி வீதி இருக்கு.
கீழ்ப்பிரிவு எட்டாம் லயத்துக்குப் போற பாதை,
எத்தனை தரம் விரலால இழுத்தும்
வரல.
'ஏனையவை'ய அமுக்கினேன்.
"உங்கள் முறைப்பாடு சபை எல்லைக்கு வெளியே உள்ளது."

நீங்க நடந்து வந்த பாதைதான் மகள் அது.
சப்பாத்துச் சேறப் பாருங்க.

பெயர் சந்தனமேரி. எழுதினீங்களா?
ஐந்துன்னே போடுங்க.
திரும்பையில பாலத்தடியில கவனம்.
மழை நாள்ல
நாலு மணிக்கே இருட்டிரும்.