முப்பத்திரண்டு எம்பி

எழுநூறு ரூபாய் ரவுட்டர்.
வண்ணாரப்பேட்டை பழைய சாமான் கடையில்
அதன் ஒற்றை ஆண்டெனா ஆடிக்கொண்டிருந்தது.
வீரவநல்லூர் வந்து இறங்குவதற்குள்
பாபநாசம் பஸ்ஸின் குலுக்கலில்
அதுவும் கையோடு வந்துவிட்டது.

ரேம் முப்பத்திரண்டு எம்பி. ஃபிளாஷ் நாலு.
காலை வணக்கம் சொல்லும் ஒரு ரோஜாப்பூ வீடியோ
இதைவிடக் கனம்.

கம்பெனி வைத்த மென்பொருளை வழித்தெடுத்துவிட்டு
வேறொன்றை ஏற்றினேன்.
சவம், மூன்று நாள் சவமாகவே கிடந்தது.
நாலாம் நாள் பச்சை விளக்கு சிமிட்டியது.

மேல்வீட்டில் பலவேசம் அண்ணாச்சி,
கீழே பிரம்மசக்தி, நடுவில் நான்.
ஒரே இணைப்பு. மாதம் ஆளுக்கு இருநூறு.
பிரம்மசக்திக்கு இரவு வேலை:
அமெரிக்காவில் யாருக்கோ முழங்கால் பிசகினால்
அதற்குரிய எண்ணை இங்கிருந்து இவள் போடவேண்டும்.
அண்ணாச்சி பையன் துப்பாக்கியோடு அலைகிறான்,
செத்துச் செத்துப் பிழைக்கிறான்.
அத்தனையும் அந்த முப்பத்திரண்டுக்குள்.

முதலில் வண்ணப் பக்கத்தைப் பிடுங்கினேன்.
இனி கறுப்புத் திரையும் எழுத்தும்தான்.
பிறகு விளம்பரத் தடைப் பட்டியல்:
வாசலில் மறித்து வைத்திருந்த
அறுபதாயிரம் வியாபாரிகளின் பெயர்.
உள்ளே போங்கடே என்று விட்டுவிட்டேன்.
மறுநாள் அண்ணாச்சி படியிறங்கி வந்தார்.
"என்னடே, போனத் தொறந்தா மூட்டுவலித் தைலமா வருது?"
"வயசு அண்ணாச்சி."

பதிவேட்டைப் பதினாறு கேபிக்குச் சுருக்கினேன்.
நினைவை மடித்து
நினைவுக்குள்ளேயே செருகும் ஒரு வித்தை உண்டு.
செய்து பார்த்தேன். இடம் கிடைத்தது;
மடித்து விரித்து மடித்து விரித்து
சிப்புக்கு மூச்சிரைத்தது.

அப்படியும் ராத்திரி ரெண்டு மணிக்கு விழுந்துவிடும்.

இடம் அறவே தீர்ந்தால் கர்னல் ஒருவனைக் கொல்லும்.
தடித்தவன் யார், போனால் தாங்கும் ஆள் யார்
என்று ஒரு கணக்கு.
விசாரணை கிடையாது. பதிவேட்டில் ஒரு வரி:
இடமில்லை, இன்னாரைக் கொன்றேன்.

யார் தின்கிறான் என்று பிடிக்க
நானே ஒரு காவலனை எழுதினேன்.
பத்து நொடிக்கு ஒருதரம் எழுந்து
ஒவ்வொருவன் தட்டையும் எட்டிப் பார்த்துக் குறிப்பான்.
மீதம் மூன்று எம்பி.
மீதம் இரண்டு.
மீதம் ஒன்றேகால்.

ஆடியில் ஒரு ராத்திரி
கர்னல் என்னைக் கொன்றது.
அதாவது, நான் உள்ளே போகும் கதவை.
கடவுச்சொல் கேட்கக்கூட அங்கே ஆளில்லை.
மேலே பையன் சுட்டுக்கொண்டிருந்தான்.
கீழே முழங்கால்கள் எண்ணாகிக்கொண்டிருந்தன.
நான் உள்ளே இருந்த நாளில்
இவ்வளவு சீராக ஒருநாளும் ஓடியதில்லை.

பிளக்கைப் பிடுங்கலாம்தான்.
பிரம்மசக்திக்கு ஷிப்டு முடிய இன்னும் ரெண்டு மணி நேரம்.
சாவியை உள்ளே வைத்துப் பூட்டியவன் மாதிரி
பச்சை விளக்கைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

மூன்றரைக்கு மேல்காற்று
எங்கேயோ ஒரு மட்டையைக் கம்பியில் போட்டது.
ஊர் இருண்டது.
கீழே இருந்து ஒரு "ஐயோ".

கரண்ட் வந்ததும் உள்ளே போனேன்.
பதிவேடு வெறுமை; அது இருந்ததும் ரேமில்தானே.
கொலைக்கு ஒரு தடயம் இல்லை.
காவலன் மட்டும் எழுந்து உட்கார்ந்து
முதல் குறிப்பை எழுதிக்கொண்டிருந்தான்.
எதில் எழுதுகிறான் என்று அப்போதுதான் பார்த்தேன்.
அதே ரேமில்.
மீதம் குறைகிறது, மீதம் குறைகிறது என்று
மீதத்தின் மேலேயே எழுதி வந்திருக்கிறான், பத்து நொடிக்கு ஒருதரம்,
நான் சொல்லிக்கொடுத்தபடி.

அவனை நீக்கிவிட்டேன்.
இப்போது எவ்வளவு மீதம் என்று எனக்குத் தெரியாது.
பத்தொன்பது நாளாக விழவில்லை.

பிரம்மசக்தி இந்த மாதம்
நூற்றைம்பதுதான் கொடுத்தாள்.
"பாதி முழங்கால் போச்சு" என்றாள்.
நான் எண்ணிப் பார்க்கவில்லை.